பௌர்ணமிக்கு மட்டும் திறக்கும் வால்வு

23 ஜூன் 2025, திங்கள்

கிரிவலப் பாதையில் புகழேந்தியின் லாட்ஜ். ஐந்து மாடி, அறுபது அறை, ஒரே லிஃப்ட். நான் ஏறியதும் அது ஒரு முறை முனகிவிட்டுத்தான் கிளம்பியது. உரிமம் புதுப்பிக்க எங்கள் கம்பெனியின் குழாய்ச் சோதனைச் சான்று வேண்டுமாம். அதில் கையெழுத்துப் போடும் மகான் நான்.

குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு, கேஜ் முள் இறங்குகிறதா என்று இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். முள் தன் வேலையைப் பார்க்கும், நான் ஊர்வம்பு கேட்பேன். இன்றைய வரவு: எதிர் ஹோட்டல்காரரின் மைத்துனர் இரண்டாம் தடவையாகச் சாமியாராகிவிட்டார். முதல் தடவை பசி தாங்காமல் ஒன்பதாம் நாளே வீடு திரும்பியவர்.

அடுத்தது சாயச் சோதனை. கழிவறைக்குப் போகும் மறுசுழற்சித் தண்ணீரில் பச்சைச் சாயம் கலந்துவிட்டு, குடிதண்ணீர்க் குழாய் எதிலாவது பச்சை தெரிகிறதா என்று ஐந்து மாடியும் ஏறிப் பார்ப்பது. இரண்டு மாடி பார்த்தேன். அதற்குள் கீழே சாம்பார் தாளித்துவிட்டார்கள்.

சமையல்கட்டுக்குப் பின்னால் குடிதண்ணீர் லைனையும் மறுசுழற்சி லைனையும் சேர்த்து ஒரு வால்வு, சிவப்புப் பிடியோடு. இது என்ன என்று கேட்டேன்.

"அது பௌர்ணமிக்கு மட்டும் சார். கூட்டம் ஜாஸ்தியாயி நல்ல தண்ணி டேங்க் காலியாச்சுன்னா ஒரு மணி நேரம் தொறப்போம். ஜனங்க குளிக்கணும் இல்ல? இப்ப மூடித்தான இருக்குது?" என்றார் புகழேந்தி.

மூடித்தான் இருந்தது. மாதத்தில் ஒரே ஒரு நாள் தப்பு செய்யும் வால்வு, என்னைவிட ஒழுக்கம். 'குறுக்கு இணைப்பு: இல்லை' என்று எழுதினேன். அப்பளம் மொறுமொறுவென்று இருந்தது.

கிளம்பும்போது வேலைக்காரர்கள் குடிதண்ணீர் பிடிக்கும் பின்பக்கக் குழாயில், 'சோதிக்கப்பட்டது' என்ற எங்கள் நீல ஸ்டிக்கரை ஒட்டினேன். அங்கே அறை பெருக்கும் மணியம்மாள் நின்றிருந்தார். பக்கத்து ஊரான அடி அண்ணாமலைக்காரர்.

"சார், எம்பொண்ணு எழிலரசி ஆறு மாசம். எங்க தெருக்கொழா தண்ணி கலங்கலா வருது. இதை எடுத்தும்போய்க் குடுக்கலாமா?"

"தாராளமா குடுங்கம்மா. இதைக் குடிச்சா புள்ள பொறக்கும்போதே இங்கிலீஷ்ல அழும்" என்றேன். சிரித்தார். ஒரு பல் இல்லை. ஜோக் எடுபட்டால் எனக்கு நாளெல்லாம் தெம்பு.

11 ஜூலை, வெள்ளி

நேற்று பௌர்ணமி. என் இடுப்பைக் குறைக்க மனைவி சந்திரகலா கிரிவலம் கூட்டிப்போனாள். எட்டாவது கிலோமீட்டரில் இடுப்பு வென்றது, ஆட்டோவில் முடித்தேன். புகழேந்தி லாட்ஜ் வாசலில் 'ரூம் இல்லை' பலகை. அவர் கும்பிட்டார். நானும் ஆட்டோவில் இருந்தபடியே ஆசீர்வாதம் செய்தேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

புகழேந்தி லாட்ஜில் நான்கு பேருக்கு மஞ்சள் காமாலை. எல்லாரும் வேலைக்காரர்கள். சுகாதாரத் துறையிலிருந்து தண்ணீர் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

எதிர் ஹோட்டல் சட்னியாக இருக்கும் என்று சந்திரகலாவிடம் சொன்னேன். சட்னியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

13 ஆகஸ்ட், புதன்

சட்னி இல்லை.

16 ஆகஸ்ட், சனி

எழிலரசியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கண்ணெல்லாம் மஞ்சளாம், நினைவு தப்புகிறதாம். லாட்ஜ் வாட்ச்மேன்தான் போனில் சொன்னான். லாட்ஜில் வேலை செய்யாத பெண்ணுக்கு எப்படி என்று கேட்டேன்.

"தெனம் ரெண்டு கேன் சார். ஸ்டிக்கர் ஒட்டின தண்ணின்னு சொல்லி அந்தம்மா சைக்கிள்ல கட்டி எடுத்தும்போவும்."

டாக்டரைக் கேட்டேன். மற்றவர்களுக்குச் சில வாரப் படுக்கையோடு போய்விடும் இந்தக் காமாலை, வயிற்றில் பிள்ளை உள்ளவர்களை விடாது என்றார்.

பக்கத்தைத் திருப்பி ஜூன் 23ஐப் படித்தேன். அப்பளம் பற்றி எழுதியிருக்கிறேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

எழிலரசி இறந்துவிட்டாள். இருபத்து மூன்று வயது. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்திருக்கிறார்கள். குறை மாதம். பெண். உயிரோடு இருக்கிறது.

எந்த மொழியில் அழுததோ.

ஏன்டா அன்னிக்கு ஜோக் அடிச்ச? மூணு மாடி ஏற முடியாதா உனக்கு? அப்படி இன்னாடா பசி?

22 ஆகஸ்ட், வெள்ளி

புகழேந்தி வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். வால்வைக் கழற்றி எறிந்துவிட்டாராம்.

"சார், உங்க ரிப்போர்ட்ல இல்லைன்னுதான இருக்குது? நீங்க போனப்புறம் எங்க பிளம்பர் போட்டுட்டான்னு சொல்லிடலாம். அவன் பெங்களூரு போயிட்டான், கேக்க ஆளில்ல. நீங்களும் தப்பிச்சிக்கலாம், நானும் தப்பிச்சிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நானும்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருந்தது?

அவர் சொன்னதில் ஒரே ஒரு ஓட்டை: இந்த நோட்டு. சிவப்புப் பிடி, பௌர்ணமி, சாம்பார், எல்லாம் என் கையெழுத்தில். நகைச்சுவையாக வேறு. ஒரு பக்கத்தைக் கிழித்தால் முடிந்தது. ஓரத்தைப் பிடித்துக்கூடப் பார்த்தேன்.

சந்திரகலா காபி கொண்டுவந்து வைத்தாள். நோட்டையும் என் விரலையும் பார்த்தாள். "ஆறிப்போவுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

25 ஆகஸ்ட், திங்கள்

வேங்கிக்காலில் சுகாதாரத் துறை அலுவலகம் போய் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன்: 'சோதனை நாளிலேயே வால்வைப் பார்த்தேன். மூன்று மாடிகளைச் சோதிக்கவில்லை.' ஜூன் 23ஆம் பக்கத்தின் நகலும். அவர் படித்தார். அப்பளம் வந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

29 ஆகஸ்ட், வெள்ளி

கம்பெனி என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. லாட்ஜுக்குச் சீல். வழக்கு வருமாம்.

1 செப்டம்பர், திங்கள்

அடி அண்ணாமலை போனேன். மணியம்மாள் வாசலில் குழந்தையின் துணி பிழிந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்திகை பார்த்துப் போன வார்த்தை ஒன்றும் வரவில்லை. வால்வு, மாடி, சாப்பாடு என்று ஏதோ உளறினேன்.

பிழிந்து முடித்தார். கொடியில் போட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

8 செப்டம்பர், திங்கள்

மணியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எங்க தெருக்கொழா தண்ணி. குடிங்க."

குடித்தேன்.

"முழுசா."

முழுசாகக் குடித்தேன். சந்திரகலா கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"புள்ளைக்குப் பவுடர் பால் கலக்க இந்தத் தண்ணியக் காய்ச்சிக்கன்னு நர்ஸம்மா சொல்லிச்சு, காய்ச்சித்தான் குடுக்குறேன். ஆனா யார் சொன்னாலும் நம்பிக்கை வரமாட்டுது. ஒரு வாரம் கழிச்சி வரேன். நீங்க நல்லா இருக்கீங்களான்னு பாக்குறேன்."

இந்த நோய் ஒரு வாரத்தில் தெரியாது என்று எனக்குத் தெரியும். சும்மா இருந்திருக்கலாம். "ஆறு வாரம் ஆகும்மா. எட்டுகூட ஆவும்" என்றேன்.

முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அப்ப வாரா வாரம் வரேன்."

15 செப்டம்பர், திங்கள்

வந்தார். குடித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லிக் கண்ணைப் பார்த்தார்.

29 செப்டம்பர், திங்கள்

தண்ணீர் கொஞ்சம் கலங்கல். குடித்தேன். குழந்தை இரண்டு கிலோ தாண்டிவிட்டதாம். என்னிடம் சொல்லவில்லை, சந்திரகலாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

13 அக்டோபர், திங்கள்

லேசான காய்ச்சல், வாந்தி. சந்திரகலா அழுகிறாள், இந்தக் கூத்து போதும் என்கிறாள். மணியம்மாள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பாட்டிலைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோபத்திலா, இரக்கத்திலா? தெரியவில்லை.

15 அக்டோபர், புதன்

ரத்தம் பார்த்தாயிற்று. காமாலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தின்ற பழைய பரோட்டா.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. தெருவெல்லாம் வெடிப்புகை. சாவு விழுந்த வீடு, இன்று வரமாட்டார் என்றாள் சந்திரகலா. நான் காலையிலேயே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

பத்து மணிக்கு வந்தார். இடது தோளில் துணிச்சுருள், அதற்குள் குழந்தை. வலது கையில் பாட்டில். ஜன்னல் பக்கம் திரும்பினேன். கட்டைவிரலால் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார், இரண்டு கண்ணையும்.

"வெள்ளையாத்தான் இருக்குது."

டம்ளரை நீட்டினேன். ஊற்றினார். நான் குடிக்கிற வரையில் அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று பழைய நாக்கு துருதுருத்தது. சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்குது இல்ல?" என்றார் மணியம்மாள்.

"இருக்குதும்மா" என்றேன்.