ஜாவாவா, பி.எச்.பி.யா

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் என்பதால் வீட்டில் தீபாவளி இல்லை. ஆனாலும் சிங்கப்பூரிலிருந்து செல்வமும் சென்னையிலிருந்து கலாவும் வந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. நம் அரிசிக் கடையை இன்டர்நெட்டில் காட்ட ஆளுக்கு ஒரு பக்கம் செய்தார்கள். மேலே அவர் படம். மகன் செய்தது ஜாவாவில், மகள் செய்தது பி.எச்.பி.யில்; இரண்டும் கம்ப்யூட்டர் பாஷையாம். எது வேகம் என்று நான் சொல்ல வேண்டுமாம்.

"அவன் ஜாவா கிளம்புறதுக்குள்ள நீ சோறே வடிச்சிடலாம்மா" என்றாள் கலா.

அவளுடையதில் படம் சட்டென்று வந்து நின்றது. செல்வத்துடையது ஊர்ந்து வந்தது. முதலில் நெற்றித் திருநீறு, பிறகு கண், அப்புறம் மீசை. சாயங்காலம் கடையடைத்துவிட்டுத் தெரு முனையிலிருந்து அவர் நடந்து வருவதும் இப்படித்தான்.

"தோத்துட்டேம்மா" என்றான் செல்வம்.

"எனக்கு உன்னுதுதான்டா புடிச்சிருக்கு."

"அது மெதுவும்மா" என்று கத்தினாள் கலா.

"உங்கப்பா என்னைக்குடி வேகமா வந்தாரு?"

மூன்று பேரும் சிரித்தோம். அவர் போனபிறகு இன்றுதான் சேர்ந்து சிரித்தோம்.

கடைக்குக் கலாவுடையதே இருக்கட்டும். செல்வத்துடையதை எனக்காக அழிக்காமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.