மூன்று தையலும் ஒழுகவில்லை

கீழக்குயில்குடி,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் சூரியபிரகாஷ் அவர்களுக்குத் தாமரைச்செல்வி எழுதுவது.

அன்புள்ள மாமா,

நான் நலம். போனில் பேசினால் பாதி சொல்வதற்குள் "சரி சரி, விட்டுத் தள்ளு" என்று சொல்லிவிடுகிறீர்கள். அதனால்தான் நம் மகள் ரோகிணியின் நோட்டில் தாள் கிழித்து எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். தாளைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. கடைசி வரி வரை படியுங்கள்.

ரோகிணியைப் பற்றிக் கவலை வேண்டாம். பக்கத்து வீட்டு அழகம்மாள் அக்காவிடம் விட்டிருக்கிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது, நேற்று நாலு இட்லி சாப்பிட்டாளாம். நான் வெள்ளிக்கிழமையிலிருந்து அப்பாவின் நிலத்தில் இருக்கிறேன். ஆமாம், நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வந்தேன்.

நாளை காலை சர்வேயர் வருகிறார். என் பங்கைப் பிரித்து அளக்கச் சொல்லி மனுக் கொடுத்து, ஐந்து மாதம் அலைந்து வாங்கிய தேதி. அதற்குள் நிலம் முழுக்க வேலி போட்டுவிட அண்ணன் அழகுபாண்டி கல்தூண்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். வேலி விழுந்துவிட்டால் அப்புறம் நான் கோர்ட்டு வாசலில்தான் காலத்தைக் கழிக்க வேண்டும். ஆள் படுத்திருக்கும் இடத்தில் குழி தோண்ட முடியாதல்லவா? அப்பா உயிரோடு இருக்கும்போதே என் பங்கு என்று காட்டிய கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். துணைக்கு நம் தையல் கடையில் பட்டன் கட்டும் சோலையம்மாள் அக்கா இருக்கிறார். நான் வந்து உட்காரப்போவது முன்னமே தெரிந்து, அண்ணன் ஊரார் முன்னால் சிரித்தானாம். "ஐப்பசி மாசம். ஒரு மழை பெஞ்சா அவளே எந்திரிச்சு ஓடியாந்துருவா. பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டுத்தான் தலை துவட்டத் துண்டு குடுப்பேன்" என்றானாம்.

அந்தத் துண்டை நினைத்துக்கொண்டேதான் தார்ப்பாய் தைத்தேன். கடையில் நீலத் தார்ப்பாய் கிடைக்காதா என்பீர்கள். நம் மாடியில் கட்டியது ஒரே காற்றில் கிழிந்ததை மறந்துவிட்டீர்களா? பள்ளிப் பை ஆர்டரில் மிஞ்சிய, தண்ணீர் இறங்காத துணியை நாலு பட்டையாக வெட்டி, மூன்று தையலில் சேர்த்தேன். இருபது வருடம் ஜாக்கெட் தைத்த கை, சும்மா இருக்குமா? ஜாக்கெட்டுக்குப் போடுகிற பொடித் தையலையே போட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது. மாடியில் கட்டி இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். துணியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மூன்று தையலிலும் வரிசையாகச் சொட்டியது. பொடித் தையல் என்றால் ஊசி அத்தனை தடவை குத்தியிருக்கிறது, அத்தனையும் ஓட்டை. பிரித்துத் தைத்தாலும் பழைய ஓட்டை எங்கே போகும்? மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பார்த்தேன். பதினோரு மணி வெயிலுக்கே உருகி வழிந்துவிட்டது. அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன், மாமா. அழுதேன் என்று உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பிறகு துணியைச் சுருட்டிக்கொண்டு பஞ்சர் கடை கண்ணுச்சாமி அண்ணனிடம் போய் நின்றேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஏத்தா, நான் ஒரு ஓட்டைக்கு ஒரு பஞ்சர் போடுற ஆளு. நீ இம்புட்டு ஓட்டையை நீயே போட்டுட்டு வந்து நிக்கிறியே" என்று சிரித்தார். ஆனால் டியூபுக்குப் போடும் சொல்யூஷனை ஒரு டப்பா எடுத்துக் கொடுத்து, வேலையையும் சொல்லிக் கொடுத்தார். தையலைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். தையலிலும் இரண்டு விரல் அகலப் பட்டித் துணியிலும் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவ வேண்டும். உடனே ஒட்டக் கூடாது. விரல் வைத்தால் விரலில் ஒட்டாத பதம் வரும் வரை பொறுத்திருந்து, அப்புறம் அமுக்க வேண்டும். எனக்கா பொறுமை? முதல் பட்டி உரிந்து கையோடு வந்துவிட்டது. இரண்டாவது தடவை பொறுத்தேன். அந்த நெடியில் இரண்டு நாள் தலைவலி. நகத்தில் இன்னும் போகவில்லை.

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்தது. நாகமலைப் பக்கமிருந்து காற்றோடு வந்த மழை. சோலையம்மாள் அக்கா சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தையல், இரண்டு தையல், மூன்று தையல். ஒன்றும் இறங்கவில்லை. அப்போது அண்ணன் வந்தான், குடையோடு, என்னைக் கூட்டிப்போக. வரப்பில் வரும்போதே குடை மடங்கிப் போய், தொப்பலாக நனைந்து நின்றான். "நனையாம உள்ள தள்ளி நில்லுண்ணே" என்றேன். வேறு போக்கில்லாமல் உள்ளே வந்தான். அரை மணி நேரம் என் தார்ப்பாய்க்குக் கீழேதான் நின்றான். அண்ணாந்து பட்டியை விரலால் தடவிப் பார்த்தான். தலை துவட்ட என் துண்டைக் கொடுத்தேன். நான் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துக் கேட்கவில்லை.

மழை விட்டதும் போனான். போகும்போது "மாப்ளகிட்டப் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

இன்று அவன் உங்களுக்குப் போன் செய்வான். குழைந்து பேசுவான். நீங்களும் இளகின மனசுக்காரர், "நான் சொல்றேன் மச்சான், அவ கேப்பா" என்று சொல்லிவிடுவீர்கள். அது போதும், நாளை சர்வேயர் முன்னால் "புருசனே வேணாம்னுட்டாரு" என்று சொல்ல. நீங்கள் எனக்காகச் சண்டை போட வேண்டாம். பரிந்தும் பேச வேண்டாம். "அது அவ நிலம், அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள், மாமா. மழை எத்தனை வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். அண்ணன் ஊரையே கூட்டி வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். ஒரு தடவை உங்கள் பேச்சை மீறி வந்துவிட்டேன், இன்னொரு தடவை என்னால் முடியாது; நீங்கள் எழுந்து வா என்று சொன்னால் மட்டும் எழுந்துவிடுவேன். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நல்லகாமன் மகள், உங்கள் மனைவி,
தாமரைச்செல்வி.