பெரியப்பாவின் சட்டை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் அண்ணன் இருக்கிறார். நான் அழுதால் முதலில் ஓடி வருவது அவர்தான். அதனால் எழுதி, போனிலேயே அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மழையில் ஊறிய பின்சுவரை உங்கள் அண்ணனே ஆள் வைத்துப் பூசிவிட்டார். உங்கள் அண்ணிக்கு ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, உட்காரச் சொன்னால் கேட்பதில்லை.

சுகாதாரக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக நான் சேர்ந்தபோது, "நாலு பேர் கூடி டீ குடிக்கிற இடம்" என்று சிரித்தீர்கள். அந்த டீ குடித்தவர்கள் எழுதிய தீர்மானத்தால்தான் எல்லாப் பள்ளித் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மூடியும் பூட்டும் வந்தது. யாரையும் தண்டிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நாங்கள் எழுதிக் கேட்டால் நகரமன்றம் அதைக் கிடப்பில் போட முடியாது.

இப்போது எழுத நினைப்பது, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகளைக் குடியிருப்புத் தெருக்களிலிருந்து வெளியே மாற்ற வேண்டும் என்று. ஆமாம், உங்கள் அண்ணன் பட்டறையும் சேர்த்துத்தான். உறவுக்காரி என்பதால் எனக்கு ஓட்டுக் கிடையாது. மற்றவர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

போன கூட்டத்தில் பட்டறைக்காரர்கள் சார்பில் உங்கள் அண்ணன்தான் எழுந்தார். "என் தம்பி பொண்ணைப் பாருங்க, தினமும் என் தோள்லதான் கிடக்கா. அவளுக்கு என்ன வந்துச்சு? குத்துக்கல்லு மாதிரி இருக்கா" என்றார். சபையே சிரித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு, பட்டறைத் தெருப் பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தோம். ஊசி என்றதும் தாய்மார்கள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். குழுத் தலைவரான டாக்டரம்மா, "உன் பொண்ணை முதல்ல உக்கார வை, மத்தவங்களுக்குத் தைரியம் வரும்" என்றார். நம் தெருவில்தான் பட்டறையே இல்லையே என்று நானும் சிரித்துக்கொண்டே மடியில் வைத்துக் காட்டினேன்.

நம் பாப்பாவின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. பட்டறைத் தெருவில் உள்ள பல பிள்ளைகளைவிட அதிகம். வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பாளே, சோற்றைத் தள்ளிவிடுவாளே, அதெல்லாம் வெறும் அடம் இல்லையாம். இப்போதே தெரிந்தது நல்லது, இனிமேல் உடம்பில் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. எப்படிச் சேர்ந்தது என்று நான் கேட்டதற்கு, அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "பட்டறையிலேர்ந்து வந்ததும் பாப்பாவோட பெரியப்பா எதை முதல்ல பண்ணுவார்? சட்டையை மாத்துவாரா, குழந்தையைத் தூக்குவாரா?"

உங்களுக்குத் தெரியுமே. வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் ஓடுவதும், அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அள்ளிக்கொள்வதும்.

நாளை மறுநாள் கூட்டம். "உறுப்பினர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, எதிர்ல ஒரு அம்மாவா நின்னு பேசு" என்கிறார் டாக்டரம்மா. பேசப் போகிறேன். நான் தலையாட்டியதை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் சொன்னதுதான் நிற்கும். அந்தத் தெருப் பிள்ளைகள் அந்தப் புகையிலேயே வளருவார்கள்.

ஆனால் சபை நடுவில், எல்லோரோடும் உட்கார்ந்து அவர் இதை முதல்முறை கேட்கக் கூடாது. அதற்கு முன்னால் நீங்கள் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பட்டறையைப் பற்றிப் பேசாதீர்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணியைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஈயத்தூள் படிந்த அந்தச் சட்டையை உதறித் துவைப்பது அண்ணிதான். தூக்கியது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குளித்துவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள்.

இன்று வண்டிச் சத்தம் கேட்டதும் பாப்பாவைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்திவிட்டேன். "என்னடா தங்கம், பெரியப்பா மேல கோபமா?" என்று வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். 

எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். அவரும்தான். சீக்கிரம் கூப்பிடுங்கள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா