மறைந்தாள் என்று பாட மாட்டேன்

2003 ஆகஸ்ட், சனிக்கிழமை

கோபம் இன்னும் அடங்கவில்லை. தூக்கமும் வரவில்லை.

ஸ்கா என்ற ஜமெய்க்கா துள்ளலிசை வாசிக்கும் எங்கள் குழு ஒரு வருஷமாக ஒரே கேசட்டுக்காக உழைக்கிறது. எல்லாப் பாட்டும் காத்தாயியைப் பற்றியது. எங்கள் றப்பர் தோட்டத்தில் ஸ்ட்ரைக்கை முன்னால் நின்று நடத்தியவள். கடைசிப் பாட்டில் பொலிஸ் அவளைச் சுடுகிறது. துள்ளுகிற தாளம், டிரம்பெட், நடுவில் என் குரல்.

இன்று வரக்காப்பொல ஸ்டூடியோவில் முதலாளி அந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"சுட்டாங்கன்னு வேணாம் தங்கச்சி. மறைந்தாள்னு மாத்துங்க. இல்லாட்டி கடையில எவனும் விக்க மாட்டான்."

குழுத் தலைவர் ராபர்ட் அண்ணனைப் பார்த்தேன். பாட்டை எழுதியவரே அவர்தான்.

"ஒரு சொல்லுதானே மேரி, பாடிரு," என்றார்.

"நீங்களே பாடிக்கங்க," என்று ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு பஸ் ஏறினேன்.

தோட்டத்தில், எங்கள் வீட்டு வரிசையான லயத்தில், காத்தாயியின் அக்கா பேச்சியம்மா காத்திருந்தார். "பாட்டு முடிஞ்சிருச்சா புள்ள?"

நடந்ததைச் சொன்னேன்.

"மறைஞ்சாளா? பெக்டரி வாசல்ல, எங்கண்ணு முன்னால சுட்டாங்க. நான்தானே தூக்குனேன். அந்த எடத்தப் பாடு, கேப்போம்."

வாசலில் நின்றே பாடினேன். "சுட்டார்கள்" என்று வந்த இடத்தில் அவரும் சேர்ந்து கத்தினார். பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

ராபர்ட் அண்ணன் வீடு அடுத்த லயத்தில்தான். உள்ளே விளக்கு எரிந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.