துடக்கோடு கதிர்காமம்

என் அன்பான இஞ்சருங்கோவுக்கு,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை அப்படித்தானே கூப்பிட்டேன். இப்போதும் அடுப்படியில் நின்று என்னை மறந்து "இஞ்சருங்கோ" என்று குரல் கொடுத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு ரொசலின் அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "என்ன தங்கச்சி?" என்று கேட்கிறா.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். நான் கதிர்காமம் போய் வந்தேன். ஓம், துடக்கோடுதான், சாவீட்டுத் தீட்டோடுதான். உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் இன்னும் முடியவில்லை. சாத்துடக்கு கழியும்வரை கோவில் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நம் மகன் குகனை அங்கே கண்டதாக ஒருவர் சொன்ன பிறகு வீட்டில் எப்படி இருப்பது?

சொன்னவர் முன்கடை நானாதான். லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு திஸ்ஸமகாராமைப் பக்கம் போய் வந்தவர், கடையைக்கூடத் திறக்காமல் நேரே நம் வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, ஒங்கட மகனக் கண்ட மாதிரி ஈந்திச்சி. கதிர்காமத்துல, பஸ் ஸ்டாண்ட் கிட்ட. தாடி வச்சீக்கிறார். நான் எறங்க முந்தி ஆள் சனத்துக்குள்ள போயிட்டார்."

வேலை போன பிறகு ஒருவரோடும் கதைக்காமல் இருந்தவன், ஒரு காலை போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு வெளியே போனான், திரும்பவில்லை. பொலிசுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நாங்கள் நடந்த நடை உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு நீங்கள் கதவைப் பார்த்தபடியே இருந்தீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் அந்தக் கதவடியில்தான். பெற்ற மகன் இருக்க, உங்கள் அக்காவின் மகன்தான் கொள்ளி வைத்தான்.

இதொன்றும் குகனுக்குத் தெரியாது. அவன் எங்கே இருந்தாலும் அவனுக்கு நீங்கள் இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாதான். காரியத்தையாவது அவன் கையால் செய்ய வேண்டாமா?

வெள்ளவத்தை மச்சாளிடம் சொன்னேன். உங்கள் அக்காவைப் பற்றித் தெரியும்தானே, போனிலேயே குதித்தா. "உனக்கென்ன விசரே? துடக்கோட கதிர்காமமோ? சாமிக் குற்றம் வந்து அவனுக்கும் ஏதும் நடந்தால் என்ன செய்வாய்?" அவனுக்கும் என்று சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. "கோவிலுக்குள்ள போகமாட்டன் மச்சாள், வெளியில நிண்டு தேடிப்போட்டு வாறன்" என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

நீங்கள் பழக்கிய பயணம்தான். "காசிருந்தால் ஆரும் போவினம். காசில்லாமல் போய் வாறதுதான் கெட்டித்தனம்" என்று ஒவ்வொரு வருடமும் என்னை இழுத்துக்கொண்டு போனீர்களே! கொழும்புக் கோட்டையில் மூன்றாம் வகுப்பு டிக்கெட், கடல் பக்கம் யன்னல், கடதாசியில் சுற்றிய புட்டும் சம்பலும், மாத்தறையில் இறங்கி ஓடிப்போய் பஸ். தண்ணீர்ப் போத்தல்கூட வாங்க விடமாட்டீர்கள். இந்த முறையும் நான் வாங்கவில்லை. புட்டுப் பார்சலை மட்டும் பழக்கத்தில் இரண்டாகக் கட்டிவிட்டேன். அதை மடியில் வைத்துக்கொண்டு அளுத்கம தாண்டும்வரை அழுதேன். எதிரில் இருந்த சிங்கள மனுசி தன் கைலேஞ்சியைத் தந்தா.

மடத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. சாவீடு என்றேன். பொறுப்பாக இருந்த ஐயா யோசித்துவிட்டு, "உள்ளுக்கு வேண்டாம் அம்மா, விறாந்தையில படுங்கோ" என்று பாய் ஒன்று தந்தார். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க நீங்கள் துண்டைப் போட்டுச் சண்டை பிடிப்பீர்களே, அந்த மடம்தான். விறாந்தையில் காதடியில் இரைந்த நுளம்புதான் எனக்கு விசிறி.

தேடினேன். மாணிக்க கங்கையில் குளிக்கிறவர்களையெல்லாம் வெட்கமில்லாமல் பார்த்தேன். அன்னதானத்துக்கு நின்ற வரிசையில் முன்னும் பின்னும் நடந்தேன். காசு செலவில்லாமல் ஒரு மனிதன் எங்கெங்கே சாப்பிடலாம், எங்கெங்கே படுக்கலாம் என்று நீங்கள்தானே எங்கள் இரண்டு பேருக்கும் காட்டி வைத்தீர்கள்! அதனால்தான் அவன் அங்கே போயிருக்கிறான். நீங்கள் காட்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் போனேன். தாடி வைத்த ஒவ்வொருவனையும் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒருவன் பயந்துபோய் என் கையில் சில்லறை வைத்துவிட்டுப் போனான்.

கோவிலுக்குள் மட்டும் போகவில்லை. தெய்வானை அம்மன் கோவில் வாசலுக்கு எதிரே பழத்தட்டு விற்கும் சந்திரா என்ற பிள்ளை, கொஞ்சம் தமிழ் கதைப்பாள், குகனின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, உள்ளுக்குப் போய்ப் பாருங்க" என்றாள். செத்தவீடு என்று சொன்னதும் ஒரு அடி பின்னால் போனாள். சிங்களவர்களுக்கும் அந்த விலக்கு இருக்கிறது. உள்ளே போன ஒரு குடும்பத்திடம் படத்தைக் கொடுத்துப் பார்த்துவரச் சொன்னேன். "தாடியோட ஒருத்தரும் இல்லை அம்மா" என்று வந்து சொன்னார்கள். பூசை மணி அடித்தது. வாசலுக்கு வெளியே நின்றபடியே கும்பிட்டேன். கும்பிடலாமோ கூடாதோ, கை தானாகக் கூடியது.

போன மாதிரியே வெறுங்கையோடு வந்தேன். படத்தையும் என் நம்பரையும் சந்திராவிடம் விட்டுவிட்டு வந்ததோடு சரி.

இன்று பின்னேரம் அவள் போன் எடுத்தாள்.

"அம்மா, மகன் இருக்கு. தாடி இல்ல, மொட்டை. அதான் அண்டைக்கு படம் பாத்தும் எனக்கு தெரியல்ல. கோவில் உள்ளுக்கு கூட்டுறது, பூ கட்டுறது. அம்மா வந்த நாளும் உள்ளுக்குத்தான் இருந்த."

அவனிடம் ஏதும் சொன்னாயா பிள்ளை என்று கேட்டேன்.

"சொல்லல்ல அம்மா. சொன்னா ஓடிப் போகும். படம் பாத்து எனக்கு மட்டும் தெரியும்." பிறகு இன்னொன்றும் சொன்னாள். "அம்மா, ஒவ்வொரு நாளும் எங்கிட்ட சின்னத் தட்டு எடுக்குது. ஆருக்கு கேட்டா, அப்பாக்கு சுகம் வேணும் சொல்லுது."

கேட்கிறதா உங்களுக்கு? உங்கள் பெயருக்கும் கேட்டை நட்சத்திரத்துக்கும் அங்கே ஒவ்வொரு நாளும் அர்ச்சனை நடக்கிறது. செத்த மனிதருக்கு ஆயுள் கேட்டு ஐயர் மந்திரம் சொல்கிறார். துடக்குக்காரன், தனக்குத் துடக்கு என்று தெரியாமல், அம்மனுக்குப் பூக் கட்டுகிறான். நான் துடக்கென்று வாசலில் நின்றேன். அன்றைக்கு அடித்த மணி உங்களுக்கான அர்ச்சனைக்கோ, ஆருக்குத் தெரியும்? நான்கு எட்டு வைத்திருந்தால் என் பிள்ளையைக் கண்டிருப்பேன். ஏன் இஞ்சருங்கோ, நீங்களாவது என்னை உள்ளே தள்ளிவிட்டிருக்கக் கூடாதா?

மச்சாளுக்குச் சொன்னேன். அழுதா. பிறகும், "துடக்குக் கழியட்டும், பிறகு போ" என்கிறா. துடக்குக் கழிகிற அன்றைக்குத்தானே அவன் இங்கே இருக்க வேண்டும்? அதற்குள் அவன் வேறு எங்கேயும் போய்விட்டால்? இனி நான் கேட்கப் போவதில்லை. முருகனும் ஒருநாள் தாய் தகப்பனோடு கோவித்துக்கொண்டு போன பிள்ளைதான். தேடி வருகிற தாயைக் குற்றம் சொல்ல அவருக்கு வாய் வருமா? வந்தால் வரட்டும், என்னோடு முடியட்டும்.

பயமெல்லாம் வேறு. அவனைக் கண்டதும் நான் என்ன சொல்வேன்? ஒன்றும் சொல்லத் தேவையில்லை. என் வெறும் நெற்றியைத் தூரத்தில் கண்டாலே அவனுக்கு விளங்கிவிடும். கையில் உங்களுக்காக எடுத்த தட்டோடு நிற்பான். அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? எனக்கு ஏலாது இஞ்சருங்கோ, சத்தியமாக ஏலாது.

அதனால் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். நாளைக்கு முதல் ரயிலில் போகிறேன். துடக்கோடு அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவேன். போகுமுன் சந்திராவின் கடைக் கண்ணாடியைப் பார்த்து, நீங்கள் வாங்கித் தந்த குங்குமத்தில் பெரிய பொட்டாக வைத்துக்கொள்வேன். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அவன் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அப்பா எங்கை அம்மா?" என்று கேட்கும்வரைக்கும் உங்களை உயிரோடு வைத்திருப்பேன். இது சத்தியம்.

நாளைக்கு அந்தப் பொட்டு அழியும்வரை,
உங்கள் மனைவி