டன்ஸ்லேக் தோட்டத்தில் குயில் கூவினால்

அன்புள்ள தாம்சினுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். இடது முழங்காலைக் கேட்டால் அது வேறு மாதிரி சொல்லும், அதன் பேச்சை நான் மதிப்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கம் குளிர் இறங்கத் தொடங்கியிருக்கும். நியூசிலாந்தில் வீடு கட்டுகிறவர்களுக்குக் குளிர்காலம் என்று ஒன்று வரும் என்பதை யாரும் சொல்லவில்லை போலும். ஆகவே பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயும் கம்பளிக் காலுறை போடு. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டு, நான் வாய் திறப்பதற்குள் நீயே அதற்கு மூன்று பதில்களும் சொல்லிவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அன்று உண்மையிலேயே என்னிடம் பதில் இல்லை; நேற்று வியாழக்கிழமையிலிருந்து இருக்கிறது. ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன். கடைசிப் பக்கத்தை முன்னதாகப் புரட்டாதே, சிறு வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

தேநீர்க்கூடத்துப் பெரிலின் மகள் உனக்குச் சொன்னது சரிதான். லயனல் பாஸ்கோ என்னைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்டார். ஆமாம், உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அதே பல் மருத்துவர்தான். நீ அவர் விரலைக் கடித்துவிட்டாய். அந்தத் தழும்பை இன்றும் விருந்துகளில் காட்டிப் பெருமைப்படுகிறார். அவர் மனைவி காலமான பிறகு, இரண்டு வருடமாக வியாழக்கிழமை தோறும் நாங்கள் டன்ஸ்லேக் மாளிகைக்குப் போய்வருகிறோம் என்பது உனக்குத் தெரியும். ஆளுக்கொரு வருட நுழைவுச்சீட்டு, தோட்டத்தில் ஒரு சுற்று, தேநீர்க்கூடத்தில் பெரில் வெட்டித்தரும் பழக்கேக், பிறகு அவரவர் வீடு. இதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. பிப்ரவரிக் கடைசியில், வெள்ளைப் பனித்துளிப் பூக்களைப் பார்க்க வந்த கூட்டம் போன பிறகு, மீன் குளத்தருகே நின்று அந்த மனிதர் பேச்சை எடுத்தார். குளத்தில் நூற்றுக்கணக்கில் தவளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு, வெட்கம் கெட்ட சத்தம். அவர் தொண்டையைக் கனைத்து, "கான்ஸ்டன்ஸ், ரொம்ப நாளா ஒன்னு கேக்கணும்னு இருந்தேன்" என்று தொடங்கினார். முழுவதையும் கேட்ட பிறகு, "இதுக்கு நீங்க தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்க" என்றேன். அவர் குளத்தைப் பார்த்தார். காது வரை சிவந்தார்.

மறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுத்தால் வியாழக்கிழமை போய்விடும். எனவே யாரையும் புண்படுத்தாத ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். மே மாதக் கடைசி வியாழனுக்குள் இந்தத் தோட்டத்தில் குயில் கூவினால் சம்மதம், கூவாவிட்டால் இதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அதையும் நான் என் காதால் கேட்க வேண்டும், மற்றவர்கள் கேட்டது செல்லாது என்றேன். டன்ஸ்லேக்கில் குயில் கூவிப் பல வருடமாகிறது. இந்த நாட்டிலேயே அது அருகிவிட்டது. லயனலுக்கும் அது தெரியும். "மாளிகையில, குழந்தைங்க அறையில, குயில் கூவுற கடிகாரம் ஒன்னு இருக்கே, அது சேருமா?" என்று கேட்டார். சேராது என்றேன். சரி என்று தொப்பியைத் தொட்டார். இந்த மனிதர் இப்படித் தோற்பதற்கு இவ்வளவு மரியாதையாக ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச்சில் டாஃபடில் பூத்தது. புல்வெளியில் காட்டுமுயல்கள் பின்னங்காலில் நின்று குத்துச்சண்டை போட்டன. அது ஆண்களுக்குள் நடக்கும் சண்டை என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் பெண் முயல்தான் தொந்தரவு செய்கிறவனை அறைகிறது. இதை நான் லயனலுக்கு அழுத்தந்திருத்தமாக எடுத்துச் சொன்னேன். அவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "அடி வாங்கினவன் ஓடிப் போகலையே, கவனிச்சீங்களா?" என்றார். அந்த மாதத்திலிருந்தே அவர் சட்டைப்பையில் சில்லறை குலுங்க ஆரம்பித்தது. முதல் குயிலைக் கேட்டவுடன் பையிலிருக்கும் காசைப் புரட்டிவிட வேண்டும், அப்போதுதான் அந்த வருடம் நல்லபடியாகப் போகும் என்பார்களே, உன் பாட்டனார்கூடச் செய்வார். இப்போது யாரிடமும் காசு இருப்பதில்லை, எல்லாம் அட்டைதான்; ஆகவே பெரிலின் கல்லாவில் கெஞ்சி மாற்றி வாங்கியிருக்கிறார். பெரில் என்னிடம், "ஏன்டி கான்ஸ்டன்ஸ், மணி கட்டின ஆட்டுக்கிடா மாதிரி அலையுறாரே, பாவம்டி அவரு. உனக்கு நெஞ்சுன்னு ஒன்னு இருக்கா, இல்ல அதையும் நீ பாடம் நடத்தின பல்கலைக்கழகத்துலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்றாள். பெரிலுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. பெரிலுக்குத் தெரியாமல் டன்ஸ்லேக்கில் ஒரு வாத்துகூட முட்டையிடாது. காசைப் புரட்டுவதெல்லாம் மூடநம்பிக்கை என்று இருவரிடமும் தெளிவாகச் சொல்லிவைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாளிகைக்குள் பழைய நாற்காலிகளில் யாரும் உட்காராதிருக்க இருக்கையில் காய்ந்த முட்பூ ஒன்றை வைத்திருப்பார்கள் அல்லவா, வாயைத் திறந்து ‘உட்காராதீர்கள்’ என்று ஒருவரிடம் சொல்லும் அநாகரிகம் நமக்கு வராது. சுவர்த் தோட்டத்தை ஒட்டி விஸ்டீரியா கொடிக்குக் கீழே ஒரு மர இருக்கை. வெயில் முதலில் விழுவது அங்கேதான், என் முழங்காலுக்கும் அதுதான் பிடிக்கும். லயனல் தேநீர் வாங்கப் போகும்போது, பூப்பாத்தியிலிருந்து பொறுக்கிய முட்பூ ஒன்றை அதன் நடுவில் வைத்துவிட்டுப் போகிறார். மொத்த இங்கிலாந்தும் அதைப் பார்த்துப் பணிந்து விலகிப் போகிறது. ஒரு பாதிரியார் அந்த இருக்கையிடம் மன்னிப்பே கேட்டார். சட்டப்படி இது மோசடி, அதை அவரிடமும் சொன்னேன். "மோசடிதான். உக்காருங்க" என்றார்.

ஏப்ரல் நடுவில் பெரில் தேநீர்க்கூடத்திலிருந்து கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். குயில்! குயில்! என்று கத்தினாள். பின்னாலேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும். ஊர்ச் செய்தித்தாளில் போட வேண்டும் என்று ஒருவர் படம் எடுத்தார். புகைபோக்கியின் மேலிருந்து கூவல் வந்தது. என் காதிலும் தெளிவாக விழுந்தது. வருடம் தவறாமல் யாராவது செய்யும் தவறுதான் இது. அது கழுத்துப்பட்டை போட்ட சாம்பல் புறா. குயிலுக்கு இரண்டே சுரம்; இது மூன்று தடவை கூவும், மூன்றாவதை விழுங்கிவிடும். நான் அதைச் சொல்ல வாய் திறக்குமுன் லயனல் காதுக் கருவியைத் திருகிச் சரிசெய்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, "புறா, பெரில். எண்ணிப் பாருங்க, மூணு" என்றார். பெரிலுக்கு வந்த கோபம்! "யோவ், உமக்காகத்தானய்யா நான் ஓடிவந்தேன்! கம்முனு இருந்திருக்கக் கூடாதா?" என்று கரண்டியை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "இருந்திருக்கலாம், ஆனா அது புறா" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கேக்கில் ஆழ்ந்தார். தப்பித்தோம் என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணெதிரே பேருந்து போய்விட்டது போலத்தான் இருந்தது. அந்த ஏமாற்றத்தை நான் அப்போது ஆராயவில்லை. சில விஷயங்களை ஆராயாமல் விடுவதற்கும் படிப்பு வேண்டும்.

மே வந்தது. காட்டில் நீலமணிப் பூக்கள் வந்து போயின, அன்னம் குஞ்சுகளை இறக்கியது, விஸ்டீரியா பூத்து உதிரவும் தொடங்கிவிட்டது. குயில் வரவில்லை. லயனலின் சில்லறைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நேற்றுதான் கடைசி வியாழன். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. மாளிகைக் கூரையில் தோட்டத்து மயில் விடாமல் அலறியதால் லயனல் இரண்டு காதுக் கருவிகளையும் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டி வைத்துவிட்டு, கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே எனக்குக் கழிவுநீர்க் குழாய்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆளில்லை. மயில் மூச்சு வாங்கிய இடைவெளியில், ஏரிக்கு அப்பால் மரக்கூட்டத்திலிருந்து வந்தது. குக்கூ. பிறகு இன்னொரு தடவை, குக்கூ. இரண்டே சுரம். மூன்றாவது இல்லை.

லயனல் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை. இனி என்னைத் தவிர இதற்குச் சாட்சி யாரும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் கெடு முடிந்துவிடும், வியாழக்கிழமைகள் பழையபடியே நடக்கும், நீயும் நிம்மதியாகத் தூங்குவாய். பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. இப்படி நான் வாதங்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருக்கையில், குழாய்ப் பேச்சு பாதியில் நின்றது. லயனல் என் கோட்டுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். என் கை பைக்குள் இருந்தது. கடைத் தள்ளுவண்டியின் பூட்டு திறக்கப் போட நான் எப்போதும் வைத்திருக்கும் அந்த ஒற்றைக் காசைப் புரட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதற்கு உத்தரவு கொடுக்கவில்லை. அவருக்குக் காதுதான் மந்தம், தாம்சின், கண் அல்ல.

"புறாவா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். கைக்குட்டையைப் பிரித்துக் கருவிகளை எடுத்து மாட்டினார், ஒன்று கீச்சென்று விசில் அடித்தது, இருவரும் ஏரிப் பக்கம் காது கொடுத்து உட்கார்ந்திருந்தோம். மறுபடி கூவவே இல்லை. "நீங்க கேக்கலையே, என் வார்த்தையை வச்சு எப்படி நம்புவீங்க?" என்றேன். "உங்களை மாதிரி ஒருத்தங்க எனக்குச் சாதகமாப் பொய் சொல்லுவாங்கன்னு நான் நினைக்கலை" என்றார். நியாயமான பேச்சு. மண்டியிடவில்லை, அவர் மண்டியிட்டால் எழுப்பிவிட எனக்கு முழங்கால் கிடையாது.

ஆக, செப்டம்பரில் நகரப் பதிவு அலுவலகத்தில் திருமணம், பிறகு டன்ஸ்லேக் தேநீர்க்கூடத்தில் கேக். பெரிலிடம் இன்னும் சொல்லவில்லை, ஆகவே அவளுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வீடும் இரண்டு வீடாகவே இருக்கும். அவருடைய பியானோவுக்கு என் வீட்டில் இடம் இல்லை, என் புத்தகங்களுக்கு அவர் வீட்டில் இடம் இல்லை, எங்களுக்கு மட்டும் இரண்டிலும் இருக்கிறது. அப்பா என்ன நினைப்பார் என்று நீ அழுதாய். உன் அப்பா நல்ல மனிதர். உயிரோடு இருந்தவரை என்னைக் கேட்காமல் எதையும் நினைத்ததில்லை, இப்போதும் தொடங்கியிருக்க மாட்டார். உன் பல் எப்படியிருக்கிறது என்று லயனல் கேட்டார். இரவில் சாக்லேட் தின்பதை நிறுத்து, இது என் அறிவுரை, அவருடையதும்கூட.

நீயும் உன் குடும்பமும் எல்லா நலமும் பெற்று இருங்கள். பிள்ளைகள் உன்னைவிடக் குறைவாகக் கடிக்கட்டும். செப்டம்பருக்கு விமானச் சீட்டை இப்போதே பதிந்துவிடு, வரும்போது பையில் ஒரு காசு போட்டுக்கொள்; என்னுடையதை லயனல் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார், நேற்றிலிருந்து எனக்குத் தள்ளுவண்டி கிடைப்பதில்லை.

செப்டம்பருக்குப் பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளாத,
உன் அம்மா
கான்ஸ்டன்ஸ்