அடியில் பூட்டிய தகடு

பெப்ரவரி 22, ஞாயிறு

என் மனுசன் கிளிபோட்டுக்குப் புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. எங்கள் எஸ்.யூ.வி.க்கு அடியில் இரும்புத் தகடு பூட்ட வேண்டுமாம். ஸ்கிட் பிளேற் என்று பெயர். காட்டுப் பாதையில் ஓடுகிறவர்கள், கல்லும் வேரும் இடித்து எஞ்சின் உடையாமல் இருக்கப் போடுகிற கவசம். நாங்கள் ஓடுகிற காட்டுப் பாதை எது? ஸ்ரௌவ்வில் நகர் வீட்டிலிருந்து மார்க்கம் நகரில் நான் வேலை செய்கிற பார்மசி, ஸ்காபரோவில் மாதா கோயில் தமிழ்ப் பூசை, சனிக்கிழமைச் சாமான் கடை. அவ்வளவுதான். எட்டுப் பேர் இருக்கக்கூடிய வண்டியில் மூன்று பேர் போய்வருகிறோம். நான் அதை யானை என்றுதான் சொல்வது.

“யானைக்குக் கோவணம் கட்டப் போறியளோ?” என்று கேட்டேன். மகள் செரீனா விழுந்து விழுந்து சிரித்தாள். பதினேழு வயதாகிறது, கோவணம் என்றால் என்னவென்று தெரியாது. நான் சிரித்ததால் சிரித்தாள். கிளிபோட் சிரிக்கவில்லை.

“ரோட்டிலை எவ்வளவு குழி எண்டு உமக்குத் தெரியுமோ? பஸ் ஓடுறவனைக் கேளும்.”

இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவரிடம் குழியைப் பற்றி வாதாட முடியுமா?

பெப்ரவரி 26, வியாழன்

வேலையால் வந்து கோட்டைக் கழற்ற முன்னமே கணினியில் தகடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார். உருக்கா, அலுமினியமா? உருக்கு பாரம், ஆனால் இலேசில் நெளியாது. அலுமினியம் பாரமில்லை, வீதியில் கொட்டுகிற உப்புக்கும் உருக்கைப்போலத் துருப்பிடிக்காது. நானும் பக்கத்தில் இருந்து படித்துவிட்டு அலுமினியம்தான் என்றேன். முதலில் தலையாட்டினார். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதிலை ஓட்டையள் கூட” என்றார்.

ஓட்டை இருப்பது எஞ்சின் சூடு வெளியேறவும் சேறு வழியவும் என்று அங்கேயே எழுதியிருக்கிறதே?

“வேண்டாம். முழுக்க மூடினதுதான் வேணும்.”

கடைசியில் உருக்குத் தகடு. முன் பம்பரிலிருந்து கியர்ப் பெட்டி வரைக்கும் இரண்டு துண்டு. ஒயில் வடிக்கிற இடத்தில் மட்டும் கழற்றக்கூடிய சின்ன மூடி. சோபா வாங்க ஏழு மாதம் யோசித்த மனிதர் நாலு நாளில் ஓடர் கொடுத்துவிட்டார்.

மார்ச் 14, சனி

பெட்டி வந்துவிட்டது. இரண்டு பேர் பிடித்தும் தூக்க ஏலவில்லை, கராஜுக்குள் இழுத்துத்தான் வைத்தோம். தானே பூட்டப் போகிறாராம். முதுகில் டிஸ்க் விலகி இரண்டு மாதம் படுத்திருந்தவர்! எங்கள் வண்டிகளைப் பதினைந்து வருடமாகப் பார்க்கிற ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையின் கராஜில் கொடுங்கள் என்றேன்.

“வேண்டாம். அந்தாள் கதைச்சே கொல்லும்.”

ஒயில் மாற்றக்கூட ஜனவரியில் கொண்டுபோயிருக்க வேண்டும், கண்ணாடியில் ஒட்டியிருக்கிற துண்டில் திகதி இருக்கிறது. என்ன சோம்பலோ. அடுத்த சனிக்கிழமை அவருக்கு ஐம்பது வயது. அன்றைக்குப் பஸ் வேலை இருக்கிறது, சின்னக் காரில் போய்விடுவார். சொல்லாமல் யானையைக் கொண்டுபோய்ப் பூட்டிக்கொண்டு வந்து வாசலில் விடப் போகிறேன். மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 21, சனி

பதினொரு மணியாகியும் நித்திரை வரவில்லை. எழுதினால் வரும் என்று பார்க்கிறேன்.

காலையில் நானும் செரீனாவும் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினோம். அவளை நூலகத்தில் இறக்கிவிட்டு நான் தனியாகத்தான் ஸ்காபரோ போனேன். ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை வண்டியை ஹொயிஸ்ற்றில் உயர்த்தினார். பழைய பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றினால்தான் புதுத் தகடு பூட்டலாம். கழற்றத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

“தங்கச்சி, இஞ்சை ஒருக்கா வாங்கோ.”

அடியில் போய் நின்றேன். பிளாஸ்ரிக் மூடி நடுவால் கிழிந்திருந்தது. கிழிசலைக் கறுப்புப் பிளாஸ்ரிக் கட்டுகளால் யாரோ இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

“உதை ஆர் கட்டினது? நான் இல்லை.”

மூடியை இறக்கினார். மேலே குறுக்குச் சட்டத்தில் ஒரு நெளிவு, அதிலிருந்து பின்னுக்கு நீளமாக ஒரு கீறல். சட்டத்துக்கும் பக்கத்துக் குழாய்க்கும் இடையில் ஒரு துணித் துண்டு இறுகியிருந்தது. ஒறேஞ்ச் நிறம், நடுவில் வெள்ளிப் பட்டி. வீதி வேலைக்காரர் போடுகிற மாதிரி, வெளிச்சம் பட்டால் மின்னுகிற சட்டை. பக்கத்தில் பாதி உடைந்த சைக்கிள் பெடல்.

“என்ன அடிபட்டது?” அவர் என்னைப் பார்க்காமல்தான் கேட்டார்.

“றக்கூன்” என்றேன்.

என் வாய் தானாகச் சொன்னது. ஏனென்றால் எனக்குச் சொல்லப்பட்டது அதுதான். போன நவம்பர் 15. நண்பரின் மகனுடைய நிச்சயதார்த்த விருந்து. எனக்குக் காய்ச்சல், கிளிபோட் தனியாகப் போனார். இரவு ஏழு மணி இருக்கும், வந்து நின்று குளிருக்குள் ஹோசைப் பிடித்து முன்பக்கத்தைக் கழுவினார். இரவில் குப்பைத் தொட்டி கிளற வருகிற றக்கூன் ஒன்று குறுக்கே ஓடி அடிபட்டுவிட்டது என்றார். ஐயோ பாவம் என்றேன். றக்கூனுக்கு!

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை கையைத் துணியில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“நான் ஒண்டும் பாக்கேல்லைத் தங்கச்சி. நீங்கள் சொல்லுங்கோ. தகட்டைப் பூட்டட்டோ, வண்டியை இறக்கட்டோ?”

“பூட்டுங்கோ.”

நான்தான் சொன்னேன். ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. துணியை எடுக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவர் அதில் கை வைக்காமல் தகட்டைத் தூக்கிப் பிடித்து எட்டு போல்ட்டும் இறுக்கினார். பிறகு பார்த்தால் ஒன்றும் இல்லை. கறுப்பாக, வடிவாக, புதுசாக இருந்தது.

பின்னேரம் கிளிபோட் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிரும்போது முகத்தில் இரத்தம் இல்லை.

“ஆர் பூட்டினது?”

“ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. ஹப்பி பேர்த்டே” என்றேன்.

கேக் வெட்டினோம். செரீனா படம் எடுத்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

மார்ச் 23, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரம் பார்மசியின் பின்னறையில் இருந்து ஃபோனில் தேடினேன். தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. நவம்பர் 15, சைக்கிள் விபத்து என்று அடித்ததும் செய்தி வந்துவிட்டது.

பெயர் வின்ஸ்ரன். நாற்பத்தொரு வயது. ஜமெய்க்காவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். கடைக்குப் போய்விட்டுச் சைக்கிளில் தோட்டத்துக்குத் திரும்பும்போது மோதிய வாகனம் நிற்கவில்லை. பெரிய, கடுநிற வாகனமாக இருக்கலாம் என்று பொலிஸ். உயிராபத்து இல்லை என்ற வரியைப் பார்த்ததும், மாதாவே உயிர் இருக்கு, உயிர் இருக்கு என்று வாய்விட்டே சொன்னேன். சந்தோசப்பட்டேன், உண்மையாக.

பிறகுதான் மிச்சம். இரண்டு மணித்தியாலம் வடிகாலுக்குள் கிடந்திருக்கிறார். வேறொருவர் கண்டுதான் அம்புலன்ஸ் கூப்பிட்டாராம். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு மணித்தியாலத்தில் இந்த வீட்டில் என்ன நடந்தது? கைகால் விறைத்து வந்திருக்கிறார் மனுசன் என்று காய்ச்சலோடு எழும்பி இரசம் வைத்துக் கொடுத்தேன். இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தாள் அங்கை கிடக்கக் கிடக்க இஞ்சை இரசம்.

மார்ச் 25, புதன்

செரீனா நூலகத்துக்குப் போன பிறகு கிளிபோட்டைக் கராஜில் வைத்துக் கேட்டேன்.

“றக்கூன் எண்டுதான் நினைச்சனான்” என்றார்.

“றக்கூன் ஒறேஞ்ச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடுமோ?”

குளிர்கால ரயர்களின் மேல் அப்படியே இருந்துவிட்டார். விருந்தில் இரண்டு விஸ்கி. இருட்டு, மழைத் தூறல். “நிப்பாட்டினனான், கரோலின். கண்ணாடியிலை பாத்தனான். ஒருத்தரையும் காணேல்லை.”

“இறங்கினனீங்களோ?”

ரயரின் காடியை விரலால் சுரண்டினார்.

“இறங்கினனீங்களோ எண்டு கேட்டனான்.”

“இல்லை. குடிச்ச மணம். லைசன்ஸ் போனால் பஸ்ஸும் போச்சு. வீட்டை வந்து கிழிசலைக் கட்டிப்போட்டன். துணி கிடக்கிறது தெரியும், தொட மனம் வரேல்லை.” பிறகு மெல்ல, பெரிய ஆறுதல் ஒன்றை எனக்குத் தருகிறவர் போல: “நான் பாவசங்கீர்த்தனம் செய்திட்டன்.”

எங்கள் தமிழ்ச் சுவாமியாருக்குக் குரல் தெரிந்துவிடும் என்று பிக்கரிங்குக்குப் போய், முன்பின் தெரியாத வெள்ளைக்காரச் சுவாமியாரிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். டிசம்பரில். நத்தார் பூசையில் எனக்குப் பக்கத்தில் நற்கருணை நன்மை வாங்கினாரே!

“சுவாமியார் என்ன சொன்னவர்?”

“பொலிசிட்டைப் போகச் சொன்னவர்.”

“போனீங்களோ?”

“கடவுளிட்டை மன்னிப்புக் கேட்டிட்டன், கரோலின்.”

“கடவுளின்ரை காலையோ வெட்டி எடுத்தது?”

தலை நிமிர்ந்தது. “காலோ?” என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. நாலு மாதமாக ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை, பயத்தில். ஃபோனை நீட்டினேன். வாசித்தார். ரயர் அடுக்கு அசைகிற அளவுக்கு உடம்பு நடுங்கியது. இருபது வருடம் கட்டியிருந்த மனுசன். கிட்டப் போய்த் தொட என்னால் முடியவில்லை.

மார்ச் 26, வியாழன்

செப்டெம்பரில் செரீனா யூனிவேர்சிற்றிக்குப் போகட்டும், அதற்குப் பிறகு பொலிசுக்குப் போகிறேன் என்கிறார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் என்ன யோக்கியமோ? பூட்டச் சொன்னவள்தானே.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது செரீனா தான் ஓட்டப் போகிறேன் என்றாள். ஏப்ரல் கடைசியில் அவளுக்கு லைசன்ஸ் எடுக்க றோட் ரெஸ்ற். கிளிபோட் பக்கத்தில், நான் பின்னால். பஸ் பழக்குகிறவர்களே இவரிடம் வந்து கேட்பார்கள், அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். கண்ணாடியைப் பார், இப்ப சிக்னல், மெல்ல, மெல்ல.

ஸ்ரௌவ்வில் பக்கம் திரும்பி வீடுகள் குறைந்த வீதிக்கு வந்ததும் அவள் கேட்டாள். “அப்பா, வாட் இஃப் ஐ ஹிட் சம்வன்?”

கிளிபோட் வீதியையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நிப்பாட்ட வேணும்.”

“அண்ட் தென்?”

“இறங்கிப் பாக்க வேணும். அம்புலன்சுக்கு அடிக்க வேணும். அவை வாற மட்டும் பக்கத்திலை நிக்க வேணும்.”

“ஈவன் இஃப் ஐம் ஸ்கெயர்ட்?”

“ஓம்.”

அந்த ஓம் பாதியில் உடைந்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் வடிகால் பக்கம் திரும்பி நின்றார். செரீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, அப்பா ஓகேயா?”

இல்லை என்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

வேலையால் வந்ததும் உடுப்பு மாற்றாமல் கராஜுக்குள் போனார். சரிவுப் பலகைகளில் யானையை ஏற்றிவிட்டு அடியில் படுத்தார். நான் லைற் பிடித்தேன். எட்டு போல்ட். கடைசியைக் கழற்ற முன் இரண்டு பேருமாகத் தகட்டைத் தாங்கி இறக்கினோம். பத்து நாள்தான் இருந்தது அது அங்கே. துணி அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

“நாளைக்குப் போறன். உமக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுவன். தகட்டை நானே பூட்டி நானே கழற்றினது. நீர் றக்கூன் எண்டுதான் நம்பினனீர். விளங்குதோ? செரீனாவுக்கு ஒராள் எண்டாலும் வேணும்.”

விளங்குது என்றேன். அப்போதுதான் அவருடைய கையைப் பிடித்தேன். கறுப்பு எண்ணெய்.

ஏப்ரல் 1, புதன்

பொலிசுக்குப் போய்விட்டார். செரீனாவுக்கு அவரே சொல்லிவிட்டுத்தான் போனார். மத்தியானம் பொலிசின் பாரவண்டி வந்து யானையை ஏற்றிக்கொண்டு போனது. முன்வீட்டுச் சீனத்துக் கிழவர் வாசலில் நின்று பார்த்தார். செரீனா அறைக் கதவைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

கிளிபோட்டைச் சொந்தப் பிணையில் விட்டிருக்கிறார்கள். பஸ் வேலை போய்விட்டது. செரீனா அவரோடு பேசுவதில்லை, ஆனால் சாப்பிட வருகிறாள். பொலிஸ் என்னிடமும் கேட்க வருவார்கள் என்று லோயர் சொன்னார். மனைவிமார் வாய் திறக்காமலும் இருக்கலாமாம்.

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணைக்கு அடித்தேன். என்னால் அவருக்கும் தொல்லை வருமே என்ற பயம். “உள்ளதைச் சொல்லுங்கோ தங்கச்சி. எனக்கும் அந்த நாளிலையிருந்து நித்திரை இல்லை” என்றார்.

ஏப்ரல் 9, வியாழன்

ஒரு பெண் பொலிஸ் அதிகாரி வந்தார், என் வயதுதான் இருக்கும். தேத்தண்ணி வேண்டாம் என்றார். கிளிபோட்டை மேலே போகச் சொன்னார். ஏறும்போது கிளிபோட் படியில் நின்று என்னைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அந்தக் கண் எனக்கு நினைப்பூட்டியது.

கேள்விகள் எல்லாம் மெதுவாகத்தான் வந்தன. நவம்பரில் அவர் என்ன சொன்னார்? றக்கூன். நம்பினீர்களா? நம்பினேன். அடியில் தகடு பூட்டிய தடயம் இருக்கிறது, அது பூட்டியது உங்களுக்குத் தெரியுமா?

“நான்தான் பூட்டச் சொன்னது. கண்ட பிறகு.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. என்றைக்கு என்று கேட்டார்.

“மார்ச் 21. சனிக்கிழமை. ஒரு பத்து மணி இருக்கும்.”

இவ்வளவு திடமாக எப்படிச் சொல்கிறீர்கள் என்றார்.

எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். நாளை காலை இந்தக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.